முதல் படம் சேர்மனோடு

இனிகோ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்ததில் சமையல்காரருக்குக் கிலி பிடித்துவிட்டது. பிரியாணி அண்டாவைத் தகரக் கொட்டகைக்குள் இழுக்கச் சொல்லிவிட்டார். மழையெல்லாம் ஒன்றும் இல்லை. போட்டோகிராபர் இனிகோ பார்த்துக்கொண்டிருந்தது சூரியனை. அது தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிவிட, சிறுமலை உச்சியில் மட்டும் கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சின்னாளப்பட்டி ரோட்டில் ஒச்சப்பனின் தோப்பு. பேத்தி தமிழ்மதிக்கு முதல் பிறந்தநாள். ஐந்தரைக்கு கேக் வெட்டுவதாகப் பேச்சு. ஆறேகால் ஆகியும் கத்தி ரிப்பன் கட்டியபடியே கிடந்தது.

"ஐயா, வெளிச்சம் போய்க்கிட்டிருக்கு. பாப்பாவுக்கு ஃபிளாஷ் ஆகலை, ஒண்ணு அடிச்சதுக்கே அம்புட்டு அழுகை. கேக்கு கெடக்கட்டும். அப்பா, அம்மா, புள்ள மூணு பேரையும் மட்டும் ஒண்ணு எடுத்துர்றேனே?"

"மொதப் படம் சேர்மனோட" என்றார் ஒச்சப்பன். "அதுக்குப் பெறகு நீ தோப்பையே எடு, எவன் கேக்குறான்?"

சேர்மன் என்றால் முன்னாள் சேர்மன் அய்யனார். பதவி அவரை விட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது. பட்டத்தை அவர் இன்னும் விடவில்லை. அவர் தலை தெரியாத விசேஷம் விசேஷமே இல்லை என்பது ஒச்சப்பன் கட்சி.

குழந்தையின் அப்பா பழனிக்குமார் பட்டாளத்தில் இருக்கிறான். மகள் பிறந்ததை செல்போனில் பார்த்தவன், கையில் தூக்கியது இந்த இருபது நாள் லீவில்தான். லீவு இன்றோடு முடிகிறது. ஏழு நாற்பதுக்கு ரயில்.

அவன் மனைவி கௌசல்யா, மாமனார் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து இனிகோவிடம் வந்தாள். "அண்ணே, செல்லுல ஆயிரம் கெடக்கு. செவுத்துல மாட்டுற மாதிரி, மூணு பேரும் சேந்து நிக்கிறது ஒண்ணே ஒண்ணு வேணும். அடுத்த லீவுக்கு வரையில புள்ள அவரைப் பாத்து மெரண்டு அழுதுறக் கூடாதுல்ல?"

"எனக்கும் கை நமநமங்குது தங்கச்சி. ஒங்க மாமா விட்டாத்தானே?"

ஒச்சப்பனின் போன் அடித்தது. நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஒச்சப்பா, வாசல்ல யாரு நிக்கிறது?"

"மேளம் நிக்குதுண்ணே. ஆரத்தித் தட்டோட பொம்பளையாளுக நிக்கிறாங்க. மாலை ஆள் ஒசரத்துக்கு இருக்கு."

"அம்புட்டுத்தானா?"

"வெடியும் கட்டிப் போட்டிருக்கோம்ணே!"

"சரி சரி. வந்துக்கிட்டே இருக்கேன்."

போனை வைத்ததும் இனிகோ பக்கம் திரும்பினார். "நீ இந்த கேக்கை விட்டு ஒரு எட்டு நகரக் கூடாது. அண்ணன் கத்தியைத் தொடுற செகண்டு தப்புச்சு, ஒனக்குச் சோறு கெடையாது."

இருட்டிவிட்டது. தென்னைகளில் சுற்றிய சீரியல் பல்புகள் கண் சிமிட்டின. பழனிக்குமார் பச்சையானான், கௌசல்யா ஊதாவானாள், குழந்தை சிவந்து மறுபடி பச்சையானது. கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட, கேக்கின் மேல் மணலைக் கொட்டினாற்போல் புள்ளி விழுந்தது. குழந்தை கொட்டாவி விட்டு அம்மா தோளில் சாய்ந்தது. இனிகோவால் அதையும் பார்த்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

மறுபடி போன். "வாசலுக்கு வேற யாரும் வரலையா ஒச்சப்பா?"

"எல்லாரும் உள்ள ஒங்களுக்காகத்தாண்ணே காத்துக்கெடக்காங்க!"

"ம்ம்…" என்றது போன்.

"அப்பா, எனக்கு ரயிலு…" என்று இழுத்தான் பழனிக்குமார்.

"ரயிலு நாளைக்கும் வரும்டா. சேர்மன் வருவாரா?"

எல்லையில் துப்பாக்கி பிடிக்கிறவன், அப்பா முன்னால் கைக்கடிகாரத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏழு மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். தூங்கும் குழந்தையோடு பின்னாலேயே போனாள் கௌசல்யா.

இனிகோ கேக்கைப் பார்த்தான். ஒச்சப்பனைப் பார்த்தான். சோறு போனால் போகட்டும் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

ஸ்டேஷனுக்குப் போக வந்த ஆட்டோ, ஹெட்லைட்டைப் போட்டபடி தோப்புப் பக்கம் திரும்பி நின்றது. அந்த வெளிச்சம் மூன்று பேர் மேலும் விழுந்தது.

"அப்பிடியே நில்லுங்க! தங்கச்சி, புள்ள மொகத்தை இங்கிட்டுத் திருப்புங்க!"

சத்தத்தில் விழித்த குழந்தை, அப்பாவின் காலரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இருட்டிய பிறகு முதல்முறையாக மூன்று முகமும் அதனதன் நிறத்தில் இருந்தன. இனிகோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தப் போனான்.

எங்கேயோ கார்க் கதவு படீரென்று சாத்தும் சத்தம். மேளம் வெடித்தது. கேமராவுக்குள் ஒரே வெள்ளைச் சட்டை.

கும்பிட்ட கையும் முப்பத்திரண்டு பல்லுமாக முன்னால் நின்றார் அய்யனார். "ஐயா, செத்த விலகுங்க, அவங்க மூணு பேரும்…" என்ற இனிகோவின் குரல் மேளத்தில் அமுங்கிப் போனது. வெள்ளைச் சட்டைக்குப் பின்னால், நேரமாகிவிட்ட ஆட்டோ கிளம்பிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

சேர்மன் சிரிப்பைக் கலைக்காமல் வாயோரத்தால் கடிந்தார்:

"அஞ்சரையிலருந்து ரோட்டுக்கு எதிர்ச்சாரியில காருக்குள்ளயே உக்காந்துருக்கேன், கேமராவோட வாசலுக்கு வர ஒனக்கு இம்புட்டு நேரமாப்பா?"