கொட்டகைக்குத் திரும்பிய ஆடு

"கதவு திறந்துதான் கிடக்கு. ஆடு வெளியில வந்தாச்சு. அப்புறம் எதுக்கும்மா அது திரும்பவும் நெருப்புக்குள்ள போகுது?"

முதலாளி திரையை விரலால் தட்டினார். அவருடைய நிறுவனம் தயாரித்த கணினி விளையாட்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது. பொட்டல் வெளியில் ஒரு குடியிருப்பை உருவாக்கி, ஆடு மாடு வளர்த்துப் பிழைக்க வேண்டும்; அதுதான் ஆட்டம்.

திரையில் இடி விழுந்து கொட்டகை பற்றி எரிந்தது. குடியிருப்பு ஆள் ஒருவன் உயிரைப் பணயம் வைத்து உள்ளே ஓடி, ஆட்டைத் தூக்கி வந்து வெளியே விட்டான். ஆடு உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்து, எரிகிற கொட்டகையில் தீவனத் தொட்டிக்குள் வாயை வைத்தது.

அவன் மறுபடியும் தூக்கி வந்தான். அது மறுபடியும் போனது. கடைசியில் அவன் சட்டையும் பற்றிக்கொண்டது.

"விளையாடறவங்க எல்லாம் நம்மளைக் கிழிகிழின்னு கிழிக்கறாங்க. இந்தத் தப்பு எப்படி உன் கண்ணுல படாம போச்சு?"

விலங்குகளின் நடத்தையை எழுதும் புரோகிராமர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தப்பு இல்ல சார். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"வேணும்னேவா?" முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பழகின இடம், சாப்பாடு இருக்கற இடம் சார். அந்த நேரத்துல பயத்தைவிட அதுதான் பெருசா தெரியும்."

ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பக்கத்தில் இருந்தார்; அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"உயிருக்குப் பயப்படாத ஜீவன் உலகத்துல உண்டாம்மா? சூடு பட்டா எறும்புகூட திரும்பிப் பார்க்காம ஓடும்! நீ பிறந்ததுலேருந்து அடுக்குமாடி வீட்டுலதான் இருக்கே. ஆட்டைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"கற்பனை இல்ல சார். நேர்ல பார்த்ததைத்தான் எழுதினேன்."

"பிடிவாதம் வேறயா? இன்னிக்கே அதை மாத்து. இல்லேன்னா வேற ஆளை வச்சு மாத்திக்கறேன். நீ வீட்டுல போய் நிஜ ஆடு மேய்க்கலாம்."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார் முதலாளி. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த வேலையை நம்பித்தான் அவள் குடும்பம் இருந்தது.

"சார், இதை இத்தோட விட்டுடலாமே..." டெஸ்டர் அவசரமாகக் குறுக்கே புகுந்தார்.

"எதுக்கு விடணும்? அவ சொல்லட்டும். இப்படி ஒரு மூளை கெட்ட ஆட்டை எங்க பார்த்தான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

டெஸ்டர் மின்விசிறியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். அவள் நாற்காலியை முதலாளி பக்கம் திருப்பினாள்.

"ஆட்டைப் பார்த்தேன்னு நான் சொல்லவே இல்லையே சார். போன வருஷம் நம்ம ஆபீஸ் மாடி தீப்பிடிச்சப்போ, தீயணைப்புக்காரர் உங்களைத் தோள்ல தூக்கிட்டு வந்து ரோட்டுல இறக்கி விட்டாரு. சாப்பாட்டு டப்பாவை விட்டுட்டேன்னு சொல்லி, அவர் மூச்சு வாங்கறதுக்குள்ள நீங்க திரும்பவும் மாடிப்படி ஏறிட்டீங்க."