கதிரையில் மாட்டிய அங்கி

போன வருடம் கண்டக்குழிக் கடலில் ஒரு படகு கவிழ்ந்ததிலிருந்து, மெரினா தன் புருஷனை லைஃப் ஜாக்கெட் இல்லாமல் வாசல் தாண்ட விடுவதில்லை. கடலுக்கு மட்டுமென்றால் கிளைட்டன் பொறுத்திருப்பான். கிழிந்த வலையைப் பொத்தும்போதும், பாண் வாங்கச் சைக்கிளில் போகும்போதும் அந்தச் செம்மஞ்சள் சனியன் அவன் நெஞ்சை இறுக்கிக்கொண்டு கிடந்தது.

“கவனமா இருந்தா என்ன குறைஞ்சு போகும்?” என்பாள். அந்தக் கேள்வியே அவனுக்கு அலுத்துவிட்டது.

இன்று அவள் எழும்புமுன், அந்த அங்கியைச் சாப்பாட்டு மேசைக் கதிரையின் முதுகில் மாட்டிப் பட்டிகளைப் பூட்டிவிட்டு, வெறும் மேலோடு கடலுக்குப் போனான். காற்று நேராக நெஞ்சில் பட்டது. மீன் பெரிதாக ஒன்றும் படவில்லை. அவன் அதற்காகப் போகவுமில்லை.

மத்தியானம் திரும்பியபோது கதவு உள்ளே பூட்டியிருந்தது. சோற்றுக் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது.

“இண்டைக்காவது சொல்லுக் கேட்டு வீட்டுல இருந்தீங்களே. நல்லாச் சாப்பிடுங்க,” என்று மெரினா உள்ளே யாரிடமோ சொன்னாள்.

கிளைட்டன் கதவைத் தட்டினான். “மெரினா, நான்தான்.”

கதிரை ஒன்று தரையில் இழுபட்டது.

“அவசரப்படாத. ஆரெண்டு பாத்துட்டுத் திற,” என்று உள்ளேயிருந்து கேட்டது கிளைட்டனுடைய குரல்.