சேதி வெளியான பிறகு

"என் புள்ள பன்னாட்டு வங்கிச் சட்டம், பங்குச்சந்தைச் சட்டம் அல்லாத்தையும் கரைச்சுக் குட்ச்சிட்டு, பாஸும் பண்ட்டான்!" என்று பூவம்மா பெருமையுடன் முழங்கினாள்.

தண்டையார்பேட்டையில் பெண் பார்க்கும் வைபவம். மணமகள் செங்கொடி சட்டக் கல்லூரி ஆசிரியை. மாப்பிள்ளை பாரியை அவளுக்குப் பிடித்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. ஆயினும், சம்மதமா என்று திரும்பத் திரும்பக் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

இவளை இழந்துவிடுவோமோ என்ற தவிப்பில் பாரி எழுந்து நின்றான்.

"பொய்யி வாணாங்க. அந்தப் பங்குச்சந்தைச் சட்டப் பரீச்சையில நான் பெயிலு!"

பூவம்மாவின் கையிலிருந்த பஜ்ஜி நழுவி விழுந்தது.

செங்கொடி கலகலவென்று சிரித்தாள். "எனக்குச் சம்மதம்!"

"இன்னாம்மா இது? பெயிலுன்னு சொன்னப்புறமா சம்மதம்ன்றே?"

"அத்தே, யாருக்கும் தெரியாத சேதிய நாம மட்டும் தெரிஞ்சு வச்சிக்கினு பங்கு வாங்கக் கூடாது. சேதி வெளிய வந்தப்புறந்தான் வாங்கணும். அவரு பெயிலான சட்டமே அதான்!"

"அப்போ, சேதி வெளிய வர்ட்டும்னுதான் கம்முனு இருந்தியா? அவன் பெயிலானது ஒனக்கு முன்னாடியே எப்டித் தெரியும்?"

"'பாஸானாத்தான் பொண்ணு குடுப்பாங்க, காப்பாத்துங்க மேடம். இப்படிக்கு, புளியந்தோப்பு பாரி'ன்னு விடைத்தாள்ல கடைசிப் பக்கத்துல எழுதிக்கீறாரு அத்தே. பெயில் போட்டதே நான்தான்!"