காலைப் பெரட்டு

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பழைய காலத்து ஃபஸ் பெடல் ஒன்றை மகாராஜா முதல்முறையாகத் தானே செய்துபார்த்தான். அதற்கான ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இரண்டும் சாலைக் கடைவீதியில் ஒரு பழைய ரேடியோக் கடையில் கிடைத்தன. ஒன்றைத் தலைகீழாகப் பற்றவைத்து, பிடுங்கி, மறுபடி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெடலை ஆம்ப்ளிஃபயரில் சொருகினான்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் வரிசையாகப் பெயர்களை வாசித்தது. இந்த மாதிரிப் பெடல்கள் சமயத்தில் ரேடியோவைப் பிடிக்கும் என்று படித்திருந்ததால் அவன் சிரித்துக்கொண்டான்.

"சுடலைமாடத்தி."

அடுக்களையிலிருந்து அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "வந்துட்டேன் கங்காணி!"

"ரேடியோவாக்கும்மா," என்றான்.

பொன்முடி மலையில் அவள் கொழுந்து பறித்த எஸ்டேட்டை மூடி இருபது வருஷம் ஆகிறது. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, பதில் சொல்லாதவர் பெயரை வெட்டி அன்றைய கூலியைப் பிடித்த கங்காணியை அதற்கும் முன்பே புதைத்தாயிற்று. மகன் பெயர் அந்தப் பெரட்டில் கேட்கவே கூடாதென்றுதான் ஐந்து வயதில் அவனை மலையிறக்கினாள். ஹோட்டலில் பாத்திரம் கழுவிப் படிக்கவைத்தாள்.

பெடலை அணைக்கக் குனிந்தான். அதற்குள் போடவேண்டிய பேட்டரி இன்னும் உறை பிரிக்காமல் மேஜைமேல் கிடந்தது.

"மகாராஜா," என்றது குரல். பிறகு காத்திருந்தது.

அம்மா அவன் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினாள்.

"வாயத் தொறந்து சொல்லுலே. பேர வெட்டிருவாங்க."