முதலில் வாய் திறந்தவர்

சாம்பியன் குதிரையை வைத்துவிட்டு உடனே எழுந்தார்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. அவர் எழுந்த விதத்தைப் பார்த்தாள்.

சேலம் செவ்வாய்பேட்டையில் அவள் கொலுசுக் கடையில், கொலுசு நிறுக்கும் தராசில் சாய்ந்து நின்றது போன். அதற்குள் உலக செஸ் சாம்பியன்ஷிப். பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம். இரண்டு பேரும் சமப் புள்ளி. இன்று ஜெயிப்பவருக்குப் பட்டம். டிரா ஆனால் நாளை அதிவேக ஆட்டங்கள். அதில் சாம்பியனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அவள் சேலஞ்சர் பக்கம்.

எதிரே உட்கார்ந்திருந்த நூர்தீன் பாய் சாம்பியன் பக்கம். அறந்தாங்கியில் நகைக்கடை. பத்தொன்பது வருடமாக அவளிடம்தான் கொலுசு எடுக்கிறார். இந்த மூன்று வாரமும் ஆட்டம் இல்லாத நாளில்கூட போன் போட்டு ஆட்டத்தையே பேசினார்.

இன்று நேரிலேயே வந்துவிட்டார்.

வந்ததும் ஆர்டர் சீட்டை மேசையில் வைத்துவிட்டுத்தான் டீயைத் தொடுவார். அது வழக்கம். இன்று டீ முடிந்துவிட்டது. சீட்டு சட்டைப்பையிலேயே இருந்தது.

காலையில் எதிர்க்கடையில் அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். கடைத்தெரு முழுக்க அதே பேச்சு. பாய் போனால் அவள் கடையில் பாதி போன மாதிரி.

அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திரையின் ஓரத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு பட்டை உண்டு. யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் அதில் காட்டிக்கொடுத்துவிடும். அதன் மேல் ஒரு விலை ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தாள்.

“அதைக் கொஞ்சம் உரிச்சுத்தான் பாரேன், தங்கச்சி.”

“கடைசி வெலையைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேரம் பேசுறதுல என்ன பாய் இருக்கு?”

சாம்பியன் திரும்பி வந்தார். உட்காரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்தார். நேராக இருந்த பேனாவை நேராக வைத்தார்.

சாம்பியன் நிதானமாக இருக்கிறார் என்றார்கள் வர்ணனையாளர்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிதானமா? வேண்டாம் என்று படியிறங்குகிறவன்தான் திரும்பி வருவான். வாங்கப் போகாதவன்தான் உட்கார்ந்து நிதானமாக டீ குடிப்பான்.

பாய் டீயை நிதானமாகத்தான் குடித்திருந்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

“அந்தாளு பயந்துட்டாரு பாய்,” என்றாள் திரையைப் பார்த்து.

“உனக்குப் பாக்குறவங்க எல்லாம் கொலுசு வாங்க வந்தவங்களாத் தெரியுது.”

சேலஞ்சர் ஆடினான். சாம்பியன் யோசிக்கவே இல்லை. ஒரு சிப்பாயைத் தள்ளினார். உதடு அசைந்தது. கடிகாரத்தை அழுத்தினார்.

“டிரா கேட்டுட்டாரு,” என்றார் பாய்.

முதலில் வாய் திறந்தவர் இறங்கி வந்தவர். அவள் தொழிலில் அதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. டிராவுக்குக் கை கொடுத்துவிடாதே என்று அந்தப் பையனிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

சேலஞ்சர் யோசித்தான். அவன் கடிகாரத்தில் இருபது நிமிடம் இருந்தது. பதினான்கு ஆனது.

என்னதான் யோசிக்கிறான்? எதிராளியின் பயம் இவன் கண்ணில் படவில்லையா? பட்டும் நம்ப முடியவில்லையா? எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்று அவரையே கேட்டுவிட முடிந்தால் எவ்வளவு சௌகரியம்.

செஸ்ஸில் அதற்கு வழியில்லை.

கடையில் இருந்தது.

“எதுத்த கடையில என்ன சொன்னாங்க பாய்?”

பத்தொன்பது வருட வியாபாரத்தில் அவள் முதலில் வாய் திறந்தது அன்றுதான்.

பாய் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“செய்கூலியக் கொறைக்கச் சொன்னேன். சும்மா ஒரு பேச்சுக்கு, பாதியாக் கேட்டேன்.”

“ம்.”

“சரின்னுட்டான்.”

அவள் அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.

“ஒடனே சரின்னுட்டான், தங்கச்சி. இது அடுக்குமான்னு ஒரு வார்த்த கேக்கல. எங்கப்பன் காலத்துலகூட இந்த வெல இல்லன்னு சொல்லல.” கல்யாண வீட்டில் யாரும் வாங்க என்று கூப்பிடாதவரின் முகமாக இருந்தது அவர் முகம். “அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் என்ன பேசுறதுன்னே தெரியல. செஸ்ஸு பாப்பீங்களான்னேன். அது எதுக்குன்னான்.”

திரையில் சேலஞ்சர் கையைத் தூக்கினான்.

அவள் போன் பக்கம் குனிந்தாள்.

கை பலகையைத் தாண்டிப் போகவில்லை. யானையின் மேல் இறங்கியது. யானை சிப்பாயை வெட்டியது.

டிரா இல்லை.

“திமிரு புடிச்ச பய,” என்றார் பாய், ஆசையாக. பிறகு சட்டைப்பையில் கையை விட்டு, சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

அவள் பிரித்துப் படித்தாள். எப்போதையும்விடப் பெரிய ஆர்டர். போன வருடக் கூலியையே சொன்னால்கூடப் போதும். பேசாமல் தலையாட்டிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

“இந்த வருஷம் கூலி கூட, பாய். சொன்னா நம்ப மாட்டீங்க.”

“எவ்வளவு?”

சொன்னாள்.

பாய் நாற்காலியை மேசையோடு ஒட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். இழுத்த வேகத்தில் மேசை ஆடி, போன் சரிந்து கவிழ்ந்தது. உள்ளிருந்து வர்ணனையாளர்கள் எதற்கோ கத்தினார்கள்.

“இருங்கய்யா,” என்று போனை அதட்டிவிட்டு பாய் சொன்னார்:

“எனக்குக் கட்டுப்படியாகாது.”