ஒரு மணி நேரம் தாங்கும்

“எப்பேர்ப்பட்ட தீயா இருந்தாலும் ஒரு மணி நேரம் தாங்கும் மேடம்” என்றார் கடைக்காரர், சாம்பல் நிற லாக்கரின் தலையில் தட்டியபடி.

ஒரு மணி நேரம். அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று அவள் யோசித்தாள். கணக்கு வரவில்லை.

காலையிலிருந்து இது மூன்றாவது கடை. முதல் கடையில் இருந்தவை, தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம் போல இருந்தன. அடுத்த கடையில் எல்லாமே சாவி போட்டுத் திறப்பவை. சாவி வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டாள். ஒரு சாவியை ஒளித்துவைக்க அவள் வீட்டில் இனி இடம் கிடையாது.

கால் கடுத்தது. உட்காரச் சொன்னால் அங்கேயே தூங்கிவிடுவாள் போலிருந்தது.

கணவர்தான் சளைக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர் மாதிரி இஸ்திரி சட்டையில் பளிச்சென்று நின்றார். குனிந்து கீலைத் தடவினார். விரலை மடக்கித் தட்டிச் சத்தம் கேட்டார். தரையோடு சேர்த்து முடுக்க அடியில் ஓட்டை இருக்கிறதா என்று விசாரித்தார்.

விசாரிக்கத் தெரிந்தவர்தான். ஊரில் பாதி வீடுகளுக்கு மதிப்புப் போட்டு வங்கிகளுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவர். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அறிக்கையை உறையில் போட்டு, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு, முத்திரையைக் குத்தினால்தான் அவருக்கு ஒரு வேலை முடிந்த மாதிரி.

“போன மாசம் ஆபீஸ் ரூம்ல தீப்பிடிச்சிருச்சு” என்று அவராகவே ஆரம்பித்தார். “ஜன்னல் துணி, மேசை, பாதி ஃபைல் எல்லாம் போச்சு. ஒயரிங் சரியில்ல.”

கடைக்காரர் உச்சுக் கொட்டினார். அவள் கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். உள்ளே ஏதோ கலகலத்தது.

அதன் பிறகு கடைக்காரர் எல்லாவற்றையும் அவரிடமே விளக்கினார். எத்தனை தட்டு, எத்தனை ஃபைல், பத்திரங்களை எப்படி அடுக்குவது. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“தப்பான நம்பர் போட்டா திறக்காதே?”

“தலைகீழா நின்னாலும் திறக்காது மேடம்.”

அவள் பேரம் பேசாமல் அதையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். கடைக்காரருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அந்தக் குறைக்கு ஒரு யோசனையை இலவசமாகச் சொன்னார். “நம்பரை இங்கேயே வச்சிரலாம். கல்யாணத் தேதி மட்டும் வேணாம். வீட்டுல இருக்கறவங்க முதல்ல அதைத்தான் அழுத்திப் பார்ப்பாங்க.”

அவள் கணவரைப் பார்த்தாள். “என்னங்க, நமக்கு எந்தத் தேதியில கல்யாணம் ஆச்சு?”

அவர் சிரித்தார். மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, “பாருங்க, கடையிலயும் ஆரம்பிச்சுட்டா” என்றார்.

“வீட்டுக்கு வீடு வாசப்படிதான் சார்!” கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவளும் சிரித்துவைத்தாள். இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, உடம்பால் மறைத்துக்கொண்டு அந்தத் தேதியையே அழுத்தினாள்.

“எதையாவது உள்ள வச்சுப் பூட்டிப் பாருங்க மேடம்.”

கைப்பையைத் திறந்தாள்.

ஒரு லைட்டர். பாதி எரிந்த மெழுகுவத்தி. அரக்குக் குச்சி. இரண்டு தீப்பெட்டிகள், அதில் ஒன்று, சர்க்கரை டப்பாவுக்குள் அவள் புதைத்துவைத்து, இன்று காலை அவர் கண்டுபிடித்தது. கடைசியாக, கேஸ் அடுப்பிலிருந்து பிடுங்கிய குமிழ்கள்.

வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவதாகச் சொல்வார்கள். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தாள். அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு திரிந்தாள். தனியாக விட்டுவிட்டு வர முடியாது.

கடைக்காரர் குமிழ்களைப் பார்த்தார். பிறகு, கணவரின் விரல் நுனியில் சிவப்பாகக் காய்ந்திருந்த அரக்கைப் பார்த்தார். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. வேலை நின்று வருடக்கணக்காகியும் இந்த மனிதர் தினமும் வெற்று உறைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார். ஆபீஸ் ரூமில் தீப்பிடித்தது எப்படி என்று கடைக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதவு கனமாகச் சாத்திக்கொண்டது.

“பூட்டு எப்படின்னு பார்த்துருவோம்” என்று கணவர் உற்சாகமாக முன்னால் வந்தார். தன் பிறந்த தேதியை அழுத்தினார். சிவப்பு விளக்கு. மகளின் பிறந்த தேதி. சிவப்பு.

மூன்றாவதற்கு விரல் நின்றது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதையோ எட்டிப் பிடிக்கிறவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார்.

திறந்துவிட்டால் இந்த லாக்கரும் வீண். நாளைக்கு இன்னொரு கடை, இன்னொரு பூட்டு, இன்றைக்கும் தூக்கமில்லை. எல்லாம் அவளுக்குத் தெரியும்.

தெரிந்தும், திறந்துவிடக் கூடாதா என்றிருந்தது. சத்தம் வராமல் அவள் உதடுகள் அந்தத் தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தன.

அவர் மெதுவாக, ஒவ்வொன்றாக அழுத்தினார்.

சிவப்பு.

“நல்ல பூட்டு” என்றார் கணவர், திருப்தியாக. “இதையே வாங்கிரு.”