அடுத்த ஆள்

"ஒரு கம்ப்யூட்டர் படுத்துட்டா?" என்று கேட்டார், எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் என் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்.

"பக்கத்துல இருக்கிறது உடனே வேலையை எடுத்துக்கும். ஆராய்ச்சி பண்றவங்களுக்கு விஷயமே தெரியாது," என்றேன்.

"அதுவும் மக்கர் பண்ணினா?"

"பொறுப்புல இருக்கிற இன்ஜினியருக்கு போன் அடிக்கும்."

"அவர் எடுக்கலைன்னா?"

"கொஞ்ச நேரம் அடிச்சுட்டு, தானா அடுத்த ஆளுக்கு வந்துடும். இந்த வாரம் முழுக்க எனக்குத்தான் வந்துச்சு."

"அவர் ஏன் எடுக்கலைன்னு யாரும் கேக்கலையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வேலை எதுவும் நிக்கலைக்கா. அதனால கேக்கத் தோணல. எது விழுந்தாலும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு, அவரே பார்த்துப் பார்த்துக் கட்டின ஏற்பாடு இது."

"என் தம்பி எதையும் அரைகுறையா செய்ய மாட்டான்," என்றார். கைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசையில் வைத்தார். "கதவை உடைச்சு உள்ளே போனப்ப, இது சார்ஜர்லயே இருந்துச்சு. அவன் கட்டில் பக்கத்துல விழுந்து கிடந்தான். உயிர் போயி நாலஞ்சு நாள் ஆகியிருக்கும்னு டாக்டர் சொன்னார்."

அப்போது அந்த போன் அடித்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அது ஓய்ந்தது. என் சட்டைப்பையில் இருந்த போன் அடிக்க ஆரம்பித்தது.